இந்தக் கழுத்துக்கு எது எடுக்கும்?

போன மாதம் என் தோட்டின் திருகாணி ஒன்று தொலைந்துபோனது. அதற்காக, நான் வேலை பார்த்த நகைக்கடைக்கே வாடிக்கையாளராகப் போனேன். ராயபுரம் கல்மண்டபத்தில் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். வாசலைத் தாண்டியதும் ஒரு பெண் புன்னகையோடு என் முகத்துக்கு நேரே ஒரு டேப்லெட்டைப் பிடித்தாள். அது என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, என் தோல் 'குளிர்ந்த சாயல்' என்றும் எனக்குப் பிளாட்டினமே பொருந்தும் என்றும் அறிவித்தது. இத்தனை வருடம் மஞ்சள் தங்கத்தைப் போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றியிருக்கிறேன் போலிருக்கிறது. திருகாணி இருக்கிறதா என்று கேட்டேன். பிளாட்டினத்திலா என்று கேட்டாள்.

அந்தப் பெண்மேல் குறை இல்லை. கருவியை வாசலில் நிறுத்தியவர்கள் அதன் தலைக்கு மேல் நீலம் பாய்ந்த வெள்ளை விளக்கு எரிவதைக் கவனிக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் பிடித்தால் சுரைக்காய்க்கும் ஒரு சாயல் வரும். கடையின் இப்போதைய மேலாளர் என்னை அடையாளம் கண்டு, டீ வரவழைத்து, "மேடம், புது ஸ்டாஃபுக்காக நீங்களே ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. எந்த ஸ்கின்னுக்கு எந்த மெட்டல்னு. சிம்பிளா" என்றார்.

சிம்பிளாக எழுதப் பல முறை உட்கார்ந்தேன். உட்காருவதே எனக்குச் சரியாக வருவதில்லை. வாழ்க்கை முழுக்கக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவளுக்கு நாற்காலி என்பது யாராவது பார்த்துவிடப்போகிற இடம். எழுந்து, பால்கனி வரை நடந்து, திரும்பி வந்து, மறுபடி எழுந்து எழுதியதில் ஒரு பக்கம் இப்படி நீண்டுவிட்டது. மேலாளர் மன்னிக்கட்டும்.

நான் படித்தது வேதியியல். மணலிப் பக்கம் ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பேன் என்று, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா நம்பினார். அந்த வேலை கிடைக்கிற வரைக்கும் என்று நகைக்கடையில் சேர்ந்தேன். அது கிடைக்கவே இல்லை. இதிலிருந்து ஓய்வே பெற்றுவிட்டேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டைத் தூக்கும் விதம், கொக்கி மாட்டும் விதம், வாடிக்கையாளர் கொட்டாவி விட்டாலும் சிரிக்கும் விதம்.

மற்றதெல்லாம் செல்வராஜ் சாரிடம் கற்றது. தளத்தின் பொறுப்பாளர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், அவர் ராயபுரத்துக்கு வந்துவிட்டாலும் அவர் பேச்சு வரவில்லை. வாடிக்கையாளரின் முகத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. உள்ளே வருகிறவர்களின் புறங்கையையும் குதிகாலையும்தான் பார்ப்பார். "மூஞ்சிக்குப் பவுடர் போடுவாவ. குதிகாலுக்கு யாரு போடுவா?" என்பார். பார்த்த மாத்திரத்தில் எந்த நாற்காலி, எந்த விளக்கு, எந்தத் தட்டு என்று விரலால் காட்டுவார். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கைக்குட்டையை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் கவுன்ட்டர் கண்ணாடியைத் துடைப்பார். எந்தக் கண்ணாடியைத் துடைக்கிறாரோ, அந்தக் கவுன்ட்டரில் நிற்பவளுக்கு அன்று நல்ல நாள் இல்லை. என்னை அவர் கூப்பிட்ட பெயர் 'கெமிஸ்ட்ரி'.

எங்கள் கடையில் கறுப்பு என்ற சொல்லுக்குத் தடை. மாநிறம், நல்ல மாநிறம், களையான முகம்: இந்த மூன்றுக்குள் ஊரையே அடக்கிவிடுவோம். ஆனால் ஆட்களை நிறுத்துவதில் இந்த நாகரிகம் எதுவும் கிடையாது. சிவந்த பெண்கள் நெக்லஸ் கவுன்ட்டரில் நிற்பார்கள்; மற்றவர்களுக்குக் கொலுசும் மெட்டியும். நான் நல்ல மாநிறம். கொலுசில் தொடங்கினேன். அங்கே நான் கற்றது வெள்ளியைப் பற்றி அல்ல, காற்றைப் பற்றி. எண்ணூரிலிருந்து வருகிறவர்களின் கொலுசு சீக்கிரம் கறுத்துவிடும். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியை விடாது. "இன்னாக்கா இது, போன பொங்கலுக்கு வாங்குனது, இரும்பாட்டம் கீது" என்று மேசையில் போடுவார்கள். வெள்ளி உங்கள் நிறத்துக்குப் பொருந்துமா என்று அவர்களிடம் ஆராய்வது வீண். ஊருக்கே பொருந்தவில்லை.

என்னை நெக்லஸுக்கு மாற்றியது யாருடைய இரக்கமும் அல்ல. காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பெண், எங்கள் சிவந்த விற்பனைப் பெண் தன் கழுத்தில் வைத்துக் காட்டிய ஆரத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு நல்லாத்தான் கீது. உனக்கா வாங்கப் போறேன்?" என்று எழுந்து போய்விட்டாள். செல்வராஜ் சார் அந்தக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். மறுநாள் அங்கே நான் நின்றேன்.

இனி, மேலாளர் கேட்ட விஷயம்.

எங்கள் தொழிலில் நகை பொருந்துமா என்று யாரும் கேட்பதில்லை. எடுக்குமா என்பார்கள், தோலின் மேல் எடுப்பாகத் தெரியுமா என்று பொருள். மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள் தங்கம், நீலமாகத் தெரிந்தால் வெள்ளை உலோகம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நரம்பே தெரியாத கைகளுக்கு என்ன செய்வது என்று சொல்வதில்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு அப்படிப்பட்ட கைதான். நான் அவர்களை வாசல் பக்கம் கூட்டிப் போவேன். நகை வாசலுக்குப் போகக் கூடாது, தோல் போகலாம். பகல் வெளிச்சத்தில், கழுத்தெலும்பின் மேல் ஒரு வெள்ளைத் துணியையும் ஒரு சந்தன நிறத் துணியையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். வெள்ளையில் முகம் தெளிந்தால் வெள்ளைத் தங்கம், பிளாட்டினம். சந்தனத்தில் தெளிந்தால் மஞ்சள். இரண்டிலும் தெளிந்தால், மனம் மாறுவதற்குள் உள்ளே கூட்டி வந்துவிட வேண்டும்.

அடர்ந்த நிறத்துக்குக் கண்ணாடி போல மின்னும் பாலிஷைவிட மங்கல் பாலிஷ் நன்றாக அமரும். ரோஸ் கோல்டு சிவந்த தோலில் கரைந்துபோகும். மாநிறத்தில்தான் அதற்கு உயிர். தட்டில் விரித்த துணியை நம்பவே கூடாது. மெரூன் வெல்வெட்டில் எந்தத் தங்கமும் ஒரு படி கூடுதல் மஞ்சளாகத் தெரியும். அதற்காகத்தான் அதை விரிக்கிறோம்.

பிறகு, கழுத்துத் துடைப்பு. கல் வைத்த நகையைக் கழுத்தில் போட்டுப் பார்க்கும் முன், பன்னீரில் நனைத்த பஞ்சால் கழுத்தைத் துடைக்க வேண்டும். பவுடரும் கிரீமும் கல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால், நகை செய்யும் பத்தர் அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். அதற்குள் அடுத்த வாடிக்கையாளர் நகையைத் திருப்பிப் பார்த்துவிட்டால், புது நகை என்று எந்த வாயால் சொல்வது? செல்வராஜ் சாருக்கு இது வேதம். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் துடைத்த பிறகுதான் நகை.

இதோடு நிறுத்தியிருந்தால் மேலாளர் கேட்ட ஒரு பக்கம் முடிந்திருக்கும். நிறுத்த முடியவில்லை. இந்த முறைகள் எல்லாம் தெரிந்தும் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற ஒரு காலைப்பொழுது, எழுத உட்காரும்போதெல்லாம் எதிரே வந்து நிற்கிறது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. கல்மண்டபத்தில் தையல் கடை வைத்திருக்கும் லூர்து மேரி, எனக்குப் பல வருடப் பழக்கம், ஒரு மதியம் தனியாக வந்தார். எதையும் தொட்டுப் பார்க்காமல் நின்றார்.

"யக்கா, நாளைக்கு சம்மந்தியம்மா வராங்க. எம்பொண்ணயும் இட்டுகினு வரச் சொல்லிகிறாங்க. மாப்ள வூட்டு நகைய அவங்க கண்ணால போட்டுப் பாத்துதான் எடுப்பாங்களாம்."

"நல்ல விஷயம்தானே?"

"பொண்ணு கழுத்தத் துடைச்சிடாதக்கா."

அவர் மகள் பிரிசில்லாவுக்குக் கழுத்தின் இடது பக்கம் வெண்புள்ளி. காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்தெலும்பு வரை பரவியிருந்தது. "ஒட்டுற நோவு இல்லன்னு டாக்டர் சொல்ட்டாரு. சனம் கேக்குதா? இதாலயே ஒரு எடம் தட்டிப்போச்சு. மாப்ள ரீகனுக்குத் தெரியும். 'எங்கம்மாகிட்ட கல்யாணத்துக்கு அப்பறம் சொல்லிக்கலாம்'னுட்டான். கிரீம் போட்டுத்தான் இட்டாருவேன். கழுத்த மூடுறா மாதிரி அகலமா ஒண்ணு எடுத்து வெய்யி. சட்டுனு முடிச்சிடலாம்."

துடைக்காமல் கழுத்தில் போட்டுக் காட்டுவதுதான் ஒரே வழி என்றால் மறுத்திருப்பேன். ஆனால் விதிக்குள்ளேயே ஒரு சந்து இருந்தது. வேர்க்குருவோ புண்ணோ இருக்கும் கழுத்தில் கல் நகையை வைக்கக் கூடாது. மார்பளவுப் பொம்மையில் மாட்டித்தான் காட்ட வேண்டும். பிரிசில்லாவுக்கு நாளைக்கு வேர்க்குரு என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அந்தோணியம்மா காசிமேட்டில் மொத்த மீன் வியாபாரம். ஏலம் முடித்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு நேராக வந்திருந்தார். அவர் பேசினால் அடுத்த கவுன்ட்டரில் தராசு நடுங்கும். பிரிசில்லா எண்ணூர்ச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் வேலை செய்கிறவள். அந்த வெயிலில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போட்டிருந்தாள். உட்கார்ந்ததிலிருந்து ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கவுன்ட்டர் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

நான் கல் வைத்த அகலமான ஆன்டிக் நெக்லஸைப் பொம்மையில் மாட்டினேன்.

"இன்னாமா, பொம்மைக்கு மாட்டிகினு கீற?" என்றார் அந்தோணியம்மா.

"பொண்ணுக்கு வேர்க்குரு இருக்காம்மா. கல்லு உரசினா எரியும்."

"எம்புள்ள பொம்மையவா கட்டிக்கப் போறான்? பொண்ணு கழுத்துல போட்டுக் காட்டு. எடுக்குதா இல்லியான்னு நான் பாக்க வேணாம்?"

"இல்ல சம்மந்தி, வெயிலு ஜாஸ்தி... புள்ளைக்கு..." என்று லூர்து மேரி இழுத்தார்.

"வெயிலு இன்னா புதுசா? நான் இன்னா ஊட்டிலேருந்தா வந்துகீறேன்?"

குரல் உயர்ந்ததும் செல்வராஜ் சார் வந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. பஞ்சும் பன்னீர்க் கிண்ணமும் அவரே கையில் கொண்டுவந்தார். "வேர்க்குருவுக்குப் பன்னீரு நல்லதும்மா, குளிர்ச்சி. கெமிஸ்ட்ரி, மெள்ளத் துடைச்சிட்டுப் போட்டுக் காட்டுங்க."

பஞ்சு என் கைக்கு வந்துவிட்டது. வேறு சந்து இருக்கிறதா என்று விதிகளை ஒவ்வொன்றாக மனதில் புரட்டினேன். இல்லை. லூர்து மேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரிசில்லாவின் கால் ஆடுவது நின்றது.

"குடுங்கக்கா" என்று பஞ்சை என் கையிலிருந்து வாங்கினாள். துப்பட்டாவை எடுத்து மடியில் போட்டாள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, பாத்திரம் துலக்குவது போல அழுத்தித் துடைத்தாள். பஞ்சு பழுப்பாயிற்று. இன்னொன்று கேட்டாள். கொடுத்தேன்.

துடைத்து முடித்துவிட்டு அந்தோணியம்மாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "ரீகனுக்குத் தெரியும் அத்த. உங்களாண்ட சொல்ல வேணாம்னுச்சி. அதுக்குத் தூக்கம் வருது. எனக்கு வர்ல."

அந்தோணியம்மா எழுந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கண்ணாடி வழியே தெரிந்தார். பஸ் ஸ்டாப் வரை போனார், திரும்பினார், கடையைத் தாண்டி இந்தப் பக்கம் போனார். கையில் போன் இருந்தது. யாருக்கும் போடவில்லை. செல்வராஜ் சார் கைக்குட்டையை எடுத்தார்.

"ஒரு நாளு" என்றார் லூர்து மேரி மகளிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரே ஒரு நாளு மூடிகினு கீறதுக்கு இன்னாடி உனக்கு?"

"ஒரு நாளா? வாழ்க்க பூரா மூடிகினு இருக்கணும்மா."

நான் தட்டிலிருந்த நகைகளை எடுத்து அடுக்கினேன். கலைத்து மறுபடி அடுக்கினேன். அந்தக் கல்யாணம் அப்போது பஸ் ஸ்டாப்புக்கும் கடைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது.

அந்தோணியம்மா உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சம்பந்தியைப் பார்க்கவில்லை. பெண்ணையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இன்னா வேடிக்க பாத்துகினு கீற? போட்டுக் காட்டு. இந்தக் கழுத்துக்கு எது எடுக்கும்?"

ஆயிரம் முறை கேட்ட கேள்வி. முதலில் மஞ்சள் சங்கிலியைப் போட்டேன். வலது பக்கம், மாநிறத்தின் மேல், அருமையாக எடுத்தது. இடது பக்கம் வெளுத்த தோலுக்கு வந்ததும் பித்தளைக் கம்பி போல ஆகிவிட்டது. வெள்ளைத் தங்கம் போட்டேன். மாநிறத்தில் கோடு போட்டது போல நின்றது. வெளுத்த இடத்தில் காணாமல் போய், சங்கிலி அறுந்தது போலத் தெரிந்தது. எதைப் போட்டாலும் ஒரே சங்கிலி இரண்டாகத் தெரிந்தது. வாசலுக்குக் கூட்டிப் போய்த் துணி வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டு துணியும் ஆளுக்கொரு பக்கம் ஜெயிக்கும்.

செல்வராஜ் சாரின் விரல் அகலமான நெக்லஸைக் காட்டியது. போட்டேன். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மூடியது.

"இது நல்லா கீது" என்றார் அந்தோணியம்மா. "இதையே போடு."

"இது வேணாம் அத்த."

"ஏன், இதுல இன்னா கொற?"

"இப்பதான் துடைச்சேன். இதப் போட்டா மறுபடியும் மூடுறா மாதிரி."

"கோயில்ல நாலு பேரு பாப்பாங்கடி."

"பாக்கட்டும்."

"பாக்கட்டுமா? பாத்துட்டு உன்னாண்ட வர மாட்டாங்க. காத்தால மீன் எடுக்க வரவ ஒவ்வொருத்தியும் என்னாண்டதான் கேப்பா. பேஜாரு எனக்குத்தான்." என் பக்கம் திரும்பினார். "ஏமா, நீ படிச்ச பொம்பள. நீ சொல்லு. எது எடுக்கும்?"

கல்யாணம் அந்தக் கேள்வியில் வந்து நின்றுவிட்டது. அகலமானது என்றால் பெண் எழுந்து போவாள். மெல்லியது என்றால் மாமியார் எழுந்து போவார். இரண்டில் எதைச் சொல்ல வேண்டும் என்று என் தொழில் எனக்குத் தெளிவாகச் சொன்னது: அகலமானது.

"மூடணும்னா இதுதாம்மா" என்றேன். "இந்தக் கழுத்துக்கு எடுக்கணும்னா, கடையில இருக்கற எந்தக் கலரும் எடுக்காது."

கைக்குட்டை என் கண்ணாடிக்கு வந்துவிட்டது. கடையில் இல்லை என்ற வார்த்தையை அந்தத் தளத்தில் யாரும் வாடிக்கையாளரிடம் சொன்னதில்லை.

அந்தோணியம்மா கொஞ்ச நேரம் அந்தக் கழுத்தையே பார்த்தார். சரக்கை மதிப்பிடுகிற பார்வை. பிறகு பின்னங்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய், தான் போட்டிருந்த கனமான முறுக்குச் செயினைக் கழற்றினார். "இத்தப் போட்டுப் பாரு. மீன் தண்ணி பட்டுப் பட்டு ஒரு மாதிரி கலருக்கு வந்துகீது."

பழைய தங்கம். சிவப்போடிய, மங்கலான மஞ்சள். போட்டேன். மாநிறத்தில் ஒரு சாயல் வெளுப்பாக நின்றது. வெளுத்த தோலில் ஒரு சாயல் அடர்த்தியாக நின்றது. முதல் தடவையாகச் சங்கிலி ஒன்றாகத் தெரிந்தது.

"எடுக்குது" என்றேன்.

"கண்ணு எனக்கும் கீது. இந்தக் கலருல ஒண்ணு குடு. மெல்லிசாவே குடு."

"பழைய நெறத்துல இப்ப வராதும்மா" என்றார் செல்வராஜ் சார். "வேணும்னா இந்தச் செயினையே எக்ஸ்சேஞ்சுல போட்டு..."

"யோவ், எங்கழுத்துல கீறத இன்னாத்துக்குய்யா கேக்குற?"

அவர் அடுத்த கவுன்ட்டருக்குப் போனார். நான் சொன்னேன்: இருபத்திரண்டு கேரட்டிலேயே, கலப்பில் வெள்ளியைச் சேர்க்காமல் செம்பை மட்டும் சேர்த்தால் இந்தச் சிவப்பு வரும். மங்கல் பாலிஷ் போடச் சொல்லலாம். ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும், கல்யாணத்துக்குள் வந்துவிடும்.

"ஆர்டரு இன்னாத்துக்கு?" என்றார் அந்தோணியம்மா. "என் வூட்டுக்கு வந்து ரெண்டு வருசம் மீன் கழுவுனா தானா வந்துடும்."

"நான் ஆபீஸுக்குப் போறவ அத்த. மீன் கழுவ மாட்டேன்."

லூர்து மேரி கண்ணை மூடிக்கொண்டார். அந்தோணியம்மா பெண்ணைப் பார்த்தார். வெளியே போய் வந்த பிறகு அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்க்கிறார்.

"வாயி கீதே வாயி..." என்றார். "அப்ப ஆர்டரே குடுத்துடு."

மீன் தண்ணீருக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்து உருக்கில் செம்பு அதிகம், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் சொல்வதை எல்லாம் திருத்துவது நல்ல விற்பனை அல்ல.

அளவு எடுக்கப் பிரிசில்லாவையும் அவள் அம்மாவையும் பத்தர் இருக்கும் அறைக்கு அனுப்பினேன். லூர்து மேரி நடந்துகொண்டே மகளின் முதுகில் ஒரு அடி வைத்தார். அது கோபம்தானா என்று தெரியவில்லை. அந்தோணியம்மா மட்டும் கவுன்ட்டரில் இருந்தார். தன் செயினை மறுபடி மாட்டிக்கொள்ளப் பார்த்தார், கொக்கி சிக்கவில்லை. நான் மாட்டிவிட்டேன். அப்போது, அந்தக் குரலை எப்படி அத்தனை சின்னதாக்கினார் என்று தெரியவில்லை, கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏமா, இது பொறக்கப்போற புள்ளைக்கு வருமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த நாளைக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

"வரலாம், வராமலும் போகலாம். முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாதும்மா."

அவர் தலையை ஆட்டினார். பூவைச் சரி செய்தார். கைப்பையை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

"வராதுன்னு சொல்லியிருந்தீன்னா நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "வந்தா வர்ட்டும். காது குத்த உன்னாண்டதான் இட்டாருவேன். அப்ப இந்த மாதிரி முழிச்சிகினு நிக்காத. எந்தத் தோடு எடுக்கும்னு இப்பவே யோசிச்சி வெய்யி."

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் ரோஸ் கோல்டு என்று நினைத்தேன். பிறகு செம்பு கூடிய மஞ்சளே சரி, சின்னதாக, கல் இல்லாமல் என்று மாற்றிக்கொண்டேன். குழந்தை என்று ஒன்று பிறந்து, அதன் காதைப் பார்க்கும் வரை அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை.